மூன்றே அணு தடிமனில் ஒரு திரவம்

மாலிப்டினம் டைசல்பைடு என்ற குறைகடத்தியை ஒற்றை அடுக்காக உரித்தால் மொத்தத் தடிமனே மூன்று அணுக்கள்தான்: கந்தகம், மாலிப்டினம், கந்தகம். சுமார் 0.65 நானோமீட்டர்!

அதன்மேல் லேசர் பட்டதும் எலக்ட்ரான் உயர் ஆற்றல் நிலைக்குத் தாவும். விட்டுப்போன இடம் நேர்மின் துளையாக நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் எக்சைட்டான். காலியம் ஆர்சனைடு என்ற வழக்கமான குறைகடத்தியில் அந்தப் பிடியின் ஆற்றல் சில மில்லி எலக்ட்ரான்வோல்ட்தான், அறைச் சூடே பிய்த்துவிடும். இங்கேயோ சில நூறு! மின்னிழுப்பை மட்டுப்படுத்தச் சுற்றிலும் பெரிதாகப் பொருள் இல்லையே.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். லேசரைக் கூட்டிக்கொண்டே போனால் நெரிசலில் யாருக்கு யார் ஜோடி என்பதே அழிந்துபோகும். சூழல் தோதாக அமைந்தால், நீராவி துளியாவது மாதிரி எலக்ட்ரான்களும் துளைகளும் எல்லாம் சேர்ந்து திரவமாகிவிடும். 1968லேயே சோவியத் இயற்பியலாளர் கெல்டிஷ் சொன்ன விஷயம். ஜெர்மானியம் என்ற குறைகடத்தியில் இதைப் பார்க்கச் சில கெல்வின் குளிர் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட தனிச்சுழிக் குளிர். மாலிப்டினம் டைசல்பைடில் அறை வெப்பநிலையிலேயே கண்டதாக 2019இல் ஆய்வுக்கட்டுரை வந்தது.

திரவம் என்று சும்மா பெயருக்குச் சொல்லவில்லை. இன்னும் ஒளியைப் பாய்ச்சினால் அடர்த்தி ஏறாது, துளியின் அளவுதான் பெருகும். எலக்ட்ரானுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!