பகிர்வதற்கான விதை பூவிலேயே தொடங்குகிறது

ஆடிப்பட்டம் நெருங்கினால் மாடித்தோட்டக்காரர்களிடையே விதைக் கவர்கள் ஊர் ஊராகக் கிளம்பிவிடும். முகம் பார்க்காத ஒருவருக்கு மதுரையிலிருந்து சிறகவரை போகும், சேலத்திலிருந்து மூக்குத்தி அவரை வரும். கொடுப்பவர்களின் மனசு பெரிது. ஆனால் அந்தக் கவரில் இருப்பதில் பாதி முளைக்காமல் போவதும், நீளச் சுரை என்று ஊன்றியது குண்டாகக் காய்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அது தெரியவரும். அதற்குள் அந்தப் பட்டம் போனது போனதுதான்.

காய் பறிக்க மறந்து முற்றிப்போனதைப் பார்த்து, "சரி, விதைக்கு விடுவோம்" என்று எடுக்கும் விதையை நம் தொட்டியில் போட்டுப் பார்க்கலாம். அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டுமென்றால் பூ பூக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: தாய்ச்செடி எங்கிருந்து வந்தது? பாக்கெட்டில் எஃப்1 என்றோ ஹைப்ரிட் என்றோ (இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய விதை) இருந்தால் அதிலிருந்து எடுத்த விதையைப் பகிர வேண்டாம். முளைக்கும், காய்க்கவும் செய்யும்; ஆனால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக வரும். கடைக் காயிலிருந்து எடுத்த விதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், பெரும்பாலும் அவை ஹைப்ரிட்தான்.

அடுத்தது மகரந்தம். தக்காளி, காராமணி, கொத்தவரை ஆகியவை பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுற்றுவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றில் தொடங்குவது நல்லது. மிளகாய், கத்தரி, வெண்டை மூன்றும் தன் மகரந்தத்திலேயே காய்த்தாலும் தேனீ வந்தால் கலந்துவிடும். சான்று பெற்ற விதை உற்பத்திக்கு வெண்டைக்கும் மிளகாய்க்கும் 200 மீட்டர், கத்தரிக்கு 100 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். பதினைந்தடி மொட்டைமாடியில் நான்கு ரக மிளகாய் வைத்திருப்பவர் என்ன செய்வார்? பூவுக்கு உறை போடுவதுதான் வழி.

கலப்பு நடந்ததை அந்தக் காயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குடைமிளகாய்ப் பூவில் பக்கத்துத் தொட்டி முண்டு மிளகாயின் மகரந்தம் விழுந்தாலும் காய் குடைமிளகாயாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் விதைதான் மாறியிருக்கும். அதை ஊன்றியவர் வீட்டுக் காயில் காரம் வந்து நிற்கும். அதனால்தான் "என் செடியில் காய் நன்றாகத்தான் வந்தது" என்று கொடுத்தவரும், "எனக்கு வேறு மாதிரி வந்தது" என்று வாங்கியவரும் சொல்வது இரண்டுமே உண்மையாக இருக்கிறது.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் உறை போடுவது எளிது. பூ விரியாத மொட்டுகள் உள்ள ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே விரிந்த பூக்களையும் பிஞ்சுகளையும் கிள்ளிவிடுங்கள். பரிசுப்பொருள் போட்டுத் தரும் மெல்லிய வலைப்பை இருக்கிறதே, அதை மாட்டிச் சுருக்கை இறுக்கிவிட்டால் போதும். காற்று போகும், தேனீ போகாது. எறும்பு நுழையாமல் இருக்க முடிச்சுக்குள் கொஞ்சம் பஞ்சு வையுங்கள். தினமும் காலையில் கிளையை இரண்டு தட்டு தட்டினால் மகரந்தம் உதிரும். நாலைந்து பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காய்களின் காம்பில் வண்ண உல்லன் நூல் கட்டிவிடுங்கள். நூல் இல்லாத காய் சமையலுக்கு. வெண்டைக்குப் பைகூட வேண்டாம்: மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனியை முந்தைய மாலையில் நூலால் கட்டிவிட்டால் பூ திறக்காமல் உள்ளுக்குள்ளேயே கருவுற்றுக் காய்க்கும்.

கொடிக்காய்களில்தான் அதிகக் குழப்பம். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, நடுவில் பூச்சி. நீளச் சுரை, குண்டுச் சுரை, குடுவைச் சுரை எல்லாம் ஒரே இனம், தாராளமாகக் கலக்கும். வரிப்பீர்க்கனும் நுரைப்பீர்க்கனும்கூடக் கலக்கும். பக்கத்துத் தெரு வீட்டில் என்ன கொடி இருக்கிறது என்பது நம் கையில் இல்லை, ஆகவே கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும்.

பீர்க்கனை எடுத்துக்கொள்வோம். அதன் பூ மாலையில் விரியும். மூன்று, நான்கு மணி வாக்கில் கொடியருகே போய், அன்று விரியத் தயாராக இருக்கும் மொட்டுகளைத் தேடுங்கள். நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும், மொட்டு உப்பியிருக்கும். பெண் மொட்டின் கீழே விரல் நுனி அளவுக்குப் பிஞ்சு இருக்கும், தனியாக நிற்கும். ஆண் மொட்டுகள் கொத்தாக இருக்கும். இரண்டையும் நுனியில் நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். மற்ற பூக்கள் விரிந்த பிறகு, கட்டிய ஆண்பூவைக் காம்போடு பறித்து இதழ்களைப் பிய்த்துவிட்டால் மகரந்தத்தண்டு மட்டும் நிற்கும். தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும்; ஒட்டவில்லையென்றால் இன்னும் அரைமணி பொறுங்கள். பெண்பூவின் கட்டை அவிழ்த்து, நடுவில் இருக்கும் சூல்முடியின் எல்லா மடல்களிலும் படும்படி மெதுவாகத் தேய்த்து, உடனே மறுபடியும் இதழ்களைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு பெண்பூவுக்கு இரண்டு மூன்று ஆண்பூ, முடிந்தால் வேறொரு கொடியிலிருந்து. மழை பெய்து பூ நனைந்திருந்தால் அன்று விட்டுவிடுங்கள், மகரந்தம் கெட்டுவிடும். மூன்றாம் நாள் பிஞ்சு பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது. மஞ்சளித்துச் சுருங்கினால் அடுத்த பூவுக்குப் போக வேண்டியதுதான். சுரையும் புடலையும் இதேபோல் மாலைப் பூக்கள். பூசணியும் பாகலும் விடியற்காலையில் விரிபவை. முந்தைய மாலை கட்டி வைத்துக் காலை எட்டு மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

விதைக்கு விட்ட காய் கொடியில் இருக்கும்வரை புதுப் பிஞ்சு பிடிப்பது குறையும். கொடிக்கு ஒன்றிரண்டு விதைக்காய் போதும், அதையும் கொஞ்சம் சமையலுக்குப் பறித்த பிறகு விடுங்கள். பீர்க்கன் கொடியிலேயே காய்ந்து பழுப்பாகி, ஆட்டினால் விதை குலுங்கும் சத்தம் கேட்க வேண்டும். பாகல் ஆரஞ்சு நிறமாகி வெடிக்கும் முன் பறித்து, விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதையை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கத்தரி சமையல் பருவத்தைத் தாண்டி மஞ்சளோ பழுப்போ அடிக்கும்வரை செடியில் நிற்க வேண்டும். ஊதாவாக இருக்கும்போது எடுத்த கத்தரி விதை முளைக்கவில்லை என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அது பிஞ்சு விதை.

பட்டத்தையும் பாருங்கள். ஆடியில் ஊன்றிய பீர்க்கன், வடகிழக்குப் பருவமழையில் காய வேண்டிய நேரத்தில் கொடியிலேயே அழுகும், பூசணம் பிடிக்கும். கொடிக்காய் விதைக்கென்று வளர்ப்பதற்குத் தைப்பட்டம்தான் என் தேர்வு. சிறகவரையும் நாட்டு அவரையும் வேறு கதை: பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். அவற்றை ஆடியில் ஊன்றினால் மழை ஓய்ந்து தை மாசியில் நெற்று காயும்.

தக்காளி விதையைச் சுற்றி ஒரு வழவழப்பான உறை இருக்கிறது. பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுப்பது அதுதான். அதோடு காயவைத்தால் விதைகள் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், முளைப்பும் சீராக இருக்காது. நன்றாகப் பழுத்து மிருதுவான இரண்டு மூன்று பழங்களைக் குறுக்கே வெட்டி, விதையைச் சாற்றோடு கண்ணாடி டம்ளரில் பிழிந்து, துணியால் மூடி நிழலில் வையுங்கள். நம் வெயிலுக்கு 24 முதல் 48 மணி நேரம் போதும். மேலே வெள்ளை ஆடை படர்ந்து புளித்த நாற்றம் அடித்தால் பதம் வந்துவிட்டது. குளிர்நாட்டுக் காணொளிகளில் நாலைந்து நாள் என்று சொல்வதை இங்கே செய்தால் விதை டம்ளரிலேயே முளைவிடும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதப்பதைச் சாய்த்து ஊற்றுங்கள். தேறிய விதை அடியில் தங்கும். மூன்று நான்கு முறை அலசி, டீ வடிகட்டியில் வடித்து, பீங்கான் தட்டில் பரப்புங்கள். செய்தித்தாளில் பரப்பினால் பிய்த்தெடுக்க முடியாது. சில மணி நேரத்தில் விரலால் உதிர்த்துவிட்டால் தனித்தனியாகக் காயும். இலை சுருண்ட, தேமல் பாய்ந்த செடியில் எவ்வளவு நல்ல பழம் இருந்தாலும் விதைக்கு எடுக்காதீர்கள். காராமணியிலும் அப்படியே, சில வைரஸ்கள் விதை வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போகும்.

காயவைப்பதில்தான் பெரும்பாலான விதைகள் சாகின்றன. சித்திரை வெயிலில் சிமென்ட் தளம் விதைக்கு ஆகாத சூடு ஏறும். காலை பத்து மணி வரை இளவெயிலில் துணி விரித்துப் பரப்பி, பிறகு நிழலில் ஃபேன் காற்றில் விடுங்கள். கொடிக்காய் விதையை வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். அவரையைக் கடித்தால் பல் பதியக் கூடாது. ஈரப்பதம் குறைப்பதற்கு சிலிக்கா ஜெல் இல்லாவிட்டால் அரிசி போதும். பொன்னிறமாக வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, கண்ணாடி ஜாடியின் அடியில் இரண்டு கைப்பிடி போட்டு, மேலே காகிதப் பொட்டலத்தில் விதையை வைத்து ஒரு வாரம் இறுக்கி மூடிவையுங்கள். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. ஹாரிங்டன் விதி என்று விதைத் துறையில் சொல்வது இதைத்தான். ஃப்ரிட்ஜில் வைத்த ஜாடியை வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும் முன் திறந்தால் விதைமேல் பனித்துளி படியும், வறுத்த அரிசி வைத்த பாடெல்லாம் வீண்.

அவரை, காராமணி, மொச்சையில் பயறு வண்டு செடியில் இருக்கும்போதே நெற்றின்மேல் முட்டையிட்டுவிடும். அனுப்பிய கவரைப் பிரித்தால் ஓட்டை விழுந்த விதையும் பொடியும் இருப்பது இதனால்தான். நன்றாகக் காய்ந்த விதையை ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். ஈரம் இருக்கும் விதையை வைத்தால் விதையே செத்துவிடும், ஆகவே பல் சோதனை முதலில். ஃப்ரீசர் வேண்டாமென்றால் சலித்த சாம்பலிலோ வசம்புத்தூளிலோ புரட்டி வைக்கலாம்.

ஒருவருக்குக் கொடுக்கும் முன் பத்து விதையை முளைக்கவிட்டுப் பார்ப்பது கட்டாயம். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். காராமணி, அவரை ஐந்து நாளுக்குள், வெண்டை, தக்காளி ஒரு வாரத்தில், கத்தரி, மிளகாய், பாகல் இரண்டு வாரம் வரை. அரசு விதைச்சான்றுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதற்குக் கீழே வந்தால் நம் தொட்டியில் அடர்த்தியாகத் தூவிக்கொள்ளலாம், பகிர வேண்டாம்.

தோட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருப்பதன் உண்மையான பலம் இன்னொன்றில் இருக்கிறது, அது அதிகம் பயன்படுத்தப்படவில்லை என்பது என் ஆதங்கம். ஒரே கொடியிலிருந்து ஆண்டாண்டாக விதை எடுத்தால் அந்த ரகத்துக்குள் இருந்த வேறுபாடுகள் குறுகிக்கொண்டே போகும். மாடியில் இருபது சுரைக்கொடிக்கு இடமில்லை. ஆனால் ஒரே ரகத்தை எட்டு வீட்டில் வீட்டுக்கு இரண்டு கொடியாக வளர்த்து, கையால் மகரந்தம் சேர்த்து, வீட்டுக்குச் சம எண்ணிக்கையில் விதையை ஒரே இடத்தில் சேர்த்துக் கலந்து திரும்பப் பிரித்துக்கொண்டால் பதினாறு கொடியின் குணங்கள் ஒவ்வொரு கவரிலும் இருக்கும். ஒரு வீட்டில் மழையில் அழுகினாலும் ரகம் தப்பிக்கும். "யாரிடம் என்ன விதை இருக்கிறது" என்ற பட்டியலைவிட "இந்தப் பட்டத்துக்கு எந்த ரகத்தை யார் யார் விதைக்கு விடுகிறோம்" என்ற பட்டியல்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

கவரின்மேல் எழுத வேண்டியவை: ஊரில் சொல்லும் பெயர், எந்த ஊரிலிருந்து வந்த விதை, விதை எடுத்த மாதமும் ஆண்டும், உறையிட்டதா திறந்த மகரந்தமா (உறையில்லாமல் பூச்சி சேர்த்ததா), செடியா கொடியா, சோதனையில் பத்துக்கு எத்தனை முளைத்தது, ஊன்ற வேண்டிய பட்டம். பெயர் மட்டும் போதாது. மூக்குத்தி அவரை பெயரில்தான் அவரை. அது உண்மையில் அவரைக் குடும்பமே இல்லை. கலப்பு பற்றிச் சந்தேகம் இருந்தால் "கலந்திருக்கலாம்" என்று எழுதிக் கொடுப்பதில் தவறில்லை.

தபாலில் அனுப்பும்போது விதையை வெறும் கவரில் போட்டால் முத்திரை குத்தும்போதே நசுங்கும். இரண்டு அட்டைத்துண்டுகளுக்கு நடுவே, அல்லது காலி மாத்திரை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புங்கள். செல்லோடேப்பால் விதையை நேரடியாக ஒட்டாதீர்கள். வெளிநாட்டு உறவினர்களுக்குக் கடிதத்தில் வைத்து அனுப்புவதும், வருபவர்களிடம் கொடுத்துவிடுவதும் வேண்டாம். பல நாடுகளில் தாவர நலச் சான்றிதழ் இல்லாத விதையை எல்லையில் பறிமுதல் செய்வார்கள், அபராதமும் விதிக்கலாம். அங்கிருந்து இங்கே வரவழைப்பதற்கும் அனுமதி வேண்டும்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: ஆறு விதை வந்தால் மூன்றை மட்டும் ஊன்றுங்கள். முதல் நாற்றை அணிலோ மழையோ கொண்டுபோனால் மீதி மூன்று இருக்கும். முளைத்தது எத்தனை என்று கொடுத்தவருக்குச் சொல்லுங்கள். முளைக்காவிட்டால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதே ஜாடியிலிருந்து அவர் இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.