பாதத்து ரத்தக்குழாய் தெரியவில்லையா? டையைக் கூட்டாதீர்கள்

காலில் அடைப்புள்ளவருக்கு ஆஞ்சியோ (ரத்தக்குழாயில் டை என்ற அயோடின் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) எடுக்கும்போது தொடைவரை படம் பளிச்சென்று வரும். பாதத்துக்கு வந்ததும் எல்லாம் புகை. உடனே “இன்னொரு பத்து மில்லி டை” என்பது கேத் லேப் (ஆஞ்சியோ எடுக்கும் அறை) வழக்கம். இவர்களில் பலருக்குச் சர்க்கரை இருக்கும், கிட்னியும் தளர்ந்திருக்கும், கூடுதல் டை அதை மேலும் கெடுக்கலாம். குறையோ பெரும்பாலும் டையில் இருக்காது.

முதலில் அசைவைப் பாருங்கள். டிஎஸ்ஏ, அதாவது டிஜிட்டல் சப்ட்ராக்ஷன் ஆஞ்சியோ, வெறும் கழித்தல் கணக்கு. டை வந்தபின் எடுத்த படத்திலிருந்து, வருமுன் எடுத்த மாஸ்க் படத்தைக் கழித்தால் எலும்பு மறைந்து குழாய் மட்டும் மிஞ்சும். கால் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே எலும்பின் ஓரங்கள் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக எழும்பி, 0.2 மிமீ குழாயை விழுங்கிவிடும். 1896 ஜனவரியில் வியன்னாவில் ஹாஷெக்கும் லிண்டெந்தாலும் கைக்குழாய்களை 57 நிமிடம் எக்ஸ்ரே காட்டிப் படம் பிடித்தார்கள். அது பிணத்தின் கை, அசையவில்லை. உயிருள்ள கால் டையின் எரிச்சலில் துள்ளும்.

எரிச்சலுக்குக் காரணம் டையின் ஆஸ்மொலாலிட்டி (கரைந்த துகள்களின் செறிவு). ரத்தத்துக்கு ஏறத்தாழ 290, அயோஹெக்சால் 300 என்ற டைக்கு 670 அளவில் (கிலோவுக்கு மில்லிஆஸ்மோல்). அயோடிக்ஸனால் என்ற டை ரத்தத்தோடு சமம் என்பதால் கால் அமைதியாக இருக்கும். பாதத்தைப் பட்டையால் கட்டுங்கள். அப்படியும் நகர்ந்தால், டை பாதத்தை எட்டுவதற்குச் சற்று முந்தைய ஃபிரேமை மாஸ்க்காக மாற்றுங்கள். பிக்சல் ஷிப்ட் (மாஸ்க்கைத் திரையில் நகர்த்திப் பொருத்துவது) பக்கவாட்டு நகர்வைச் சரிசெய்யும், பாதம் திரும்பியிருந்தால் உதவாது. ஒரே ஃபிரேமை மாஸ்க்காக வைத்தால் படத்தின் இரைச்சல் (புள்ளி புள்ளியான கரகரப்பு) 1.4 மடங்காகும். நான்கைச் சராசரி எடுத்தால் 1.1 மடங்கோடு நிற்கும்.

அடுத்தது தூரம். எக்ஸ்ரே டியூப் மேசைக்குக் கீழே இருந்தால் மேசையை உயர்த்தி, படம் பதியும் டிடெக்டரைப் பாதத்தை ஒட்டி இறக்குங்கள். எக்ஸ்ரே கிளம்பும் புள்ளியான ஃபோகஸ் 0.6 மிமீ இருந்து, படம் 1.5 மடங்கு பெரிதானால் டிடெக்டரில் 0.3 மிமீ மங்கல் விழும், 1.1 மடங்கில் 0.06 மட்டுமே. பெரிதாகத் தெரியட்டும் என்று டிடெக்டரைத் தூக்குவது வீண். சின்ன ஃபோகஸ் இருந்தால் அதையே போடுங்கள்.

டியூபின் மின்னழுத்தமான கேவி 65–70-ல் நிற்கட்டும். அயோடினின் கே-எட்ஜ் (எக்ஸ்ரேயை அது திடீரென்று அதிகம் உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல்) 33.2 கேஇவி. கேவி கூடக் கூடக் கதிரின் பெரும்பகுதி அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடும், மெல்லிய குழாயின் நிழல் வெளுக்கும். விரல்களைச் சுற்றியுள்ள வெற்றிடம் கண்ணைப் பறித்தால் பாதங்களுக்கிடையே சலைன் பைகளை வையுங்கள். அவை அசையாதவரை கழித்தலில் மறைந்துவிடும்.

வயிற்றின் பெருந்தமனியான அயோர்ட்டாவிலிருந்து விட்ட டை பாதம் சேர்வதற்குள் நீர்த்துப்போகும். டை செலுத்தும் கத்தீட்டரின் நுனியை முழங்கால் பின்குழாய்வரை கொண்டுபோய், பாதி சலைன் கலந்து 8–10 மில்லி விட்டாலே போதும். அடைப்புள்ள காலில் பாதத்தின் குழாய் வளைவு நிரம்பப் பத்து, இருபது விநாடிகூட ஆகும். சீக்கிரம் எக்ஸ்ரே பெடலை விட்டுவிட்டு “ரன்-ஆஃப் இல்லை” (கீழே ரத்த ஓட்டம் இல்லை) என்று எழுதிவிடாதீர்கள். குழாய் சுருங்கி இழுத்துக்கொண்டும் இருக்கலாம். பிரஷர் இடம்கொடுத்தால் குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரினை 100–200 மைக்ரோகிராம் குழாய்க்குள் கொடுத்துவிட்டு, ஒன்று நேராகவும் ஒன்று பக்கவாட்டிலுமாக மறுபடி எடுங்கள்.