தகர வீட்டில் ஒரு டிரம்

மார்ச் 3, செவ்வாய்

அமெரிக்க ராக் பாடகர் இக்கி பாப்பின் தொடக்க கால இசையை வரிசையாகக் கேட்டுவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் சட்டையில்லாமல் துள்ளுகிறவரை எல்லோருக்கும் தெரியும். எனக்கு நெருக்கமானவன், அவர் இக்கி பாப் ஆவதற்கு முந்தைய ஜேம்ஸ் ஆஸ்டர்பெர்க் என்ற பையன். மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி அருகே சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகளின் குடியிருப்பில் வளர்ந்தவன். டிரம் வைக்க இடம் போதவில்லை என்று பெற்றோர் தங்கள் படுக்கையறையையே அவனுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தகரச் சுவர்களுக்குள் காலையும் மாலையும் அந்த இடியைப் பொறுத்துக்கொண்ட இருவரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இன்று இதற்கு மேல் படிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

பள்ளிக் காலத்தில் இகுவானாஸ் குழு. ‘இக்கி’ அதிலிருந்து வந்த பெயர். பிறகு பிரைம் மூவர்ஸ் என்ற புளூஸ் குழு; புளூஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அப்புறம் கல்லூரியை விட்டுவிட்டு, புளூஸ் டிரம் கலைஞர் சாம் லேயைத் தேடி சிகாகோ பயணம். அங்கே கறுப்பினக் கலைஞர்களின் பக்கத்தில் அமர்ந்து வாசித்தபோதுதான், புளூஸ் அவர்கள் வாழ்விலிருந்து ஊறுவது, தான் வாசித்தால் அது நகல்தான் என்று புரிந்தது. ஊர் திரும்பினார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடிய இடம் இதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

1967. ரான், ஸ்காட் ஆஷ்டன் சகோதரர்களும் டேவ் அலெக்சாண்டரும் சேர, ஸ்டூஜஸ் என்ற ராக் குழு பிறந்தது. தொடக்கத்தில் எண்ணெய் பீப்பாயைத் தட்டினார்கள். தண்ணீர் ஊற்றிய மிக்சியின் சத்தத்தை மைக்கில் பிடித்தார்கள். காலையில் எங்கள் மிக்சியில் பாதி ஜார் தண்ணீர் ஊற்றி ஓட்டி, காதை அருகில் வைத்தேன். முதலில் குமுறல். வேகம் கூட்டியதும் அடியில் ஓர் உறுமல், அதன் மேல் மெல்லிய சீழ்க்கை. இரண்டும் பிரிந்து கேட்டன. அம்மா வந்து நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 11, புதன்

1968இல் எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனம், அதே மிச்சிகனின் எம்சி5 என்ற ராக் குழுவுக்கு 20,000 டாலரும் ஸ்டூஜஸுக்கு 5,000 டாலரும் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டு ஸ்டூஜஸின் முதல் இசைத்தட்டு. தயாரிப்பு இசைக்கலைஞர் ஜான் கேல். ஹெட்போனில் கேட்டேன். ‘ஐ வான்னா பி யுவர் டாக்’ பாட்டில் கிதாரின் இரைச்சலுக்குள் பியானோவில் ஒரே சுரம், ஆணி அடிப்பதுபோல, கடைசிவரை மாறாமல்! நான்கு முறை திருப்பிப் போட்டேன். அன்றைக்கு இந்த இசைத்தட்டு சரியாக விற்கவில்லை என்பதை இப்போதும் மனம் ஏற்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

‘ஃபன் ஹவுஸ்’, 1970. ஸ்டூஜஸின் இரண்டாம் இசைத்தட்டு. மேடையில் போலவே எல்லோரும் ஒரே அறையில் நின்று, சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். முதல் பக்கம் முடிந்தது. ஸ்டீவ் மக்கேயின் சாக்சபோன் இரண்டாம் பக்கத்தில்தான் நுழைகிறது. வீடு காலியாக இருக்கும்போது, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும். நாளை மாலை.