நூறு சொற்களுக்குள் ஒரு படைநகர்வு: வர்ஜீனியாவில் வரலாற்றுப் பலகைக்கு விண்ணப்பித்த அனுபவம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் காரோட்டிச் சென்றவர்கள், வெள்ளி நிறப் பரப்பில் கருப்பு எழுத்துகளும் உச்சியில் மாநில முத்திரையும் கொண்டு சாலையோரக் கம்பங்களில் நிற்கும் வார்ப்புப் பலகைகளைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். 1927-இல் தொடங்கிய இந்தத் திட்டம், அந்நாட்டில் இவ்வகையில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. இன்று 2,600-க்கும் மேற்பட்ட பலகைகள் உள்ளன. அவற்றில் கணிசமானவை, பிரிந்துபோன தென்மாநிலங்களுக்கும் ஒன்றியம் எனப்பட்ட வடபுல அரசுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றியவை. நான் உறுப்பினராக இருக்கும் சிறிய வரலாற்று ஆர்வலர் குழு, மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்குத் தென்கிழக்கே உள்ள சார்ல்ஸ் சிட்டி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) ஒரு பலகை வைக்க விண்ணப்பித்தது. இத்தகைய முயற்சியில் இறங்க நினைக்கும் தமிழர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் நிகழ்வைச் சொல்லிவிடுகிறேன். 1864 மே மாதம் ராபிடான் ஆற்றைக் கடந்த யுலிசிஸ் கிராண்டின் வடபுலப் படை, வில்டர்னஸ், ஸ்பாட்சில்வேனியா, நார்த் அன்னா ஆகிய இடங்களில் போரிட்டுக்கொண்டே தெற்கே இறங்கி, ஜூன் 3 அன்று கோல்ட் ஹார்பரில் பேரிழப்பைச் சந்தித்தது. ஜூன் 12 இரவு அந்தப் படை அகழிகளைவிட்டுச் சத்தமின்றி விலகி, சிக்கஹோமினி ஆற்றைக் கடந்து, சார்ல்ஸ் சிட்டி கவுண்டியின் குறுகிய மண்சாலைகள் வழியாக ஜேம்ஸ் ஆற்றை நோக்கி நடந்தது. ஒரு பகுதியினர் படகுகளில் கடந்தார்கள். மற்றவர்களுக்காகவும் வண்டிகள், பீரங்கிகள், இறைச்சிக்கான மாட்டு மந்தைகளுக்காகவும், கடலின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்ட அந்த அகன்ற ஆற்றின் குறுக்கே ஜூன் 14 அன்று பொறியாளர்கள் மிதவைப் பாலம் கட்டினார்கள். எதிர்க்கரையிலிருந்து பீட்டர்ஸ்பர்க் நகரைத் தாக்கி அதைப் பிடிக்க முடியாமல் போனதால் தொடங்கிய முற்றுகை 1865 ஏப்ரல் வரை நீடித்தது.

இந்தக் கதையைச் சொல்லும் பலகைகள் அப்பகுதியில் முன்பே உண்டு. பொதுவாக இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வைத்த பலகைகள், எந்தத் தளபதி எந்த வழியே சென்றார் என்பதோடு நின்றுவிடுகின்றன. ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட படை கடந்துபோன சாலையோரத்தில் குடியிருந்த விவசாயிகள், அடிமைத்தளையில் இருந்த கறுப்பின மக்கள், படையின் பின்னே நடந்து விடுதலை தேடியவர்கள் ஆகியோருக்கு அவற்றில் இடமில்லை. எங்கள் பலகை அவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். ஏற்கெனவே பலகை உள்ள பொருளையே மீண்டும் சொல்லும் விண்ணப்பம் நிற்காது என்பதால், விதிமுறைப்படி பார்த்தாலும் இதுவே சரியான வழியாக இருந்தது.

விண்ணப்பத்தைப் பெறுவது மாநில வரலாற்று வளங்கள் துறை. பொருள் ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்டதாகவும், குறைந்தது வட்டார அளவிலேனும் முக்கியத்துவம் உடையதாகவும் இருக்க வேண்டும். வாசகம் சுமார் நூறு சொற்களுக்குள் அடங்க வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் சான்று இணைக்க வேண்டும். செவிவழிச் செய்திகளும் குடும்பக் கதைகளும் தனியே நின்று சான்றாகா.

சான்று தேடியதுதான் எனக்கு மிகவும் நிறைவளித்த பகுதி. படைநகர்வுக்குக் கவலையே இல்லை. இருதரப்பு ராணுவ அறிக்கைகளையும் அரசே 128 தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறது. அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாலையோர மக்களின் குரலுக்கு எங்கே போவது என்று திகைத்திருந்தபோது, ஓய்வுபெற்ற ஆவணக் காப்பாளர் ஒருவர் தென்மாநில இழப்பீட்டு ஆணையத்தின் கோப்புகளைப் பார்க்கச் சொன்னார். 1871-இல் அமைக்கப்பட்ட அந்த ஆணையம், தென்மாநிலங்களில் இருந்துகொண்டே ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருந்தவர்களிடமிருந்து வடபுலப் படை எடுத்துச் சென்ற பொருள்களுக்கு ஈடு கோரி வந்த 22,298 மனுக்களை விசாரித்தது. மனுதாரர்களில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர்களும் இருந்தார்கள். குதிரை, பன்றி, சோளம், விறகுக்காகப் பிடுங்கிய வேலிக்கட்டை என்று ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, அண்டை வீட்டாரைச் சாட்சியாக நிறுத்தி அவர்கள் தந்த வாக்குமூலங்களைப் படித்த நாட்களில், அந்தப் படைநகர்வு எனக்கு வரைபடத்து அம்புக்குறியாக இருந்த நிலை அடியோடு மாறிவிட்டது.

அதே கவுண்டியில், படை வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, வில்சன்ஸ் வார்ஃப் என்ற துறையில் கறுப்பினப் படைவீரர்கள் எழுப்பிய மண்கோட்டையை, தென்தரப்புப் படைத்தலைவர் ராபர்ட் லீயின் அண்ணன் மகன் ஃபிட்சு லீயின் குதிரைப்படை மே 24 அன்று தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. இதையும் வாசகத்தில் சேர்க்க எனக்கு மிகுந்த ஆசை இருந்தது. நூறு சொற்களில் இரண்டு கதைகள் நிற்காது என்று குழுவினர் சொன்னதில் நியாயம் இருந்தது.

வரைவு அனுப்பிய பின் துறையின் வரலாற்றாசிரியர் வரிக்கு வரி கேள்விகளோடு திருப்பி அனுப்பினார். கிராண்டின் படை ‘லீக்குத் தெரியாமல்’ நகர்ந்தது என்று எழுதியிருந்தோம். ஜூன் 13 காலையிலேயே அகழிகள் காலியாக இருப்பதை ராபர்ட் லீ அறிந்துகொண்டார். படை எங்கே போகிறது என்பதுதான் அவருக்குச் சில நாட்கள் வரை உறுதிப்படவில்லை. ஆகவே அந்த வரி ‘எங்கே செல்கிறது என்பதை லீ உறுதிசெய்ய முடியாதபடி’ என்று மாறியது. மிதவைப் பாலத்தின் நீளத்தில் நூல்கள் ஒத்துப்போவதில்லை என்பதால், ‘இரண்டாயிரம் அடிக்கு மேல்’ என்பதே பாதுகாப்பான சொல்லாட்சி என்று ஒப்புக்கொண்டோம். ‘மாபெரும்’, ‘வீரமிக்க’ போன்ற அடைமொழிகள் எல்லாம் நீங்கின. உலோகத்தில் வார்த்துப் பல பத்தாண்டுகள் நிற்கப்போகும் வாசகத்துக்கு இந்தக் கண்டிப்பு அவசியம் என்றே நான் கருதுகிறேன்.

திருத்திய வாசகம் காலாண்டுக்கு ஒருமுறை கூடும் வரலாற்று வளங்கள் வாரியத்தின் முன் சென்று ஒப்புதல் பெற்றது. தயாரிப்புச் செலவை விண்ணப்பிப்பவரே ஏற்க வேண்டும். உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டதோடு வட்டாரத் தேவாலயம் ஒன்றும் உதவியது.

இடத் தேர்வு நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. மாநிலச் சாலையோரம் என்றால் போக்குவரத்துத் துறையின் இசைவு வேண்டும். வாகனத்தை ஒதுக்கி நிறுத்த இடமும், வளைவில் வருபவருக்குப் பார்வை மறையாத தொலைவும் இருக்கின்றனவா என்று அவர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். படை திரும்பிய அதே முனையில் அது இயலவில்லை. சற்றுத் தள்ளி ஓர் இடம் கிடைத்தது. எனவே ‘இங்கே’ என்று தொடங்கிய வாசகத்தைத் திசையும் தொலைவும் குறிப்பிடும்படி மாற்றி, அந்த மாற்றத்துக்கும் துறையின் ஒப்புதலைப் பெற்றோம். பலகையை வார்க்கும் ஆலை அனுப்பிய அச்சுப் படியை ஆண்டு, நாள், ஊர்ப்பெயர் என ஒவ்வொன்றாக உரக்க வாசித்துச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறோம். பலகை வந்து சேர்ந்ததும் அதை நடுவது போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. திறப்பு நாளில் அந்த வாக்குமூலங்களில் சிலவற்றைப் பொதுமக்கள் முன் முழுமையாக வாசிப்பதற்கான ஏற்பாடுகளைக் குழு தொடங்கிவிட்டது.