அம்மாவின் புள்ளடி

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் அம்மாவின் அடையாள அட்டை தொலைந்தது தெரியவந்தது. 2024 நவம்பர் 14, பொதுத்தேர்தல். அம்மா நெடுந்தீவில், நான் யாழ்ப்பாணத்தில் வேலையில். இருவருக்கும் வாக்கு தீவில்தான்.

வாக்களிப்பதற்கென்று தற்காலிக அடையாள அட்டை தருவார்கள். விண்ணப்பம் விதானையார் வழியாகத்தான் போகவேண்டும். கிராம அலுவலரை நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். அதற்குப் புகைப்படம் வேண்டும். முருகைக்கல் மதிலில் வெள்ளைச் சேலையை விரித்துக் கட்டி, அம்மாவை அதன் முன்னால் நிறுத்தி, கைப்பேசியில் எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு, அடுத்த வாரம் குறிகட்டுவான் துறையில் மறுபடி குமுதினிப் படகில் ஏறினேன். ஒரு மணி நேரக் கடல். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கடலை நம்பிக் கடைசி நாள்வரை இருக்கக்கூடாது. தீவார் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: அட்டை இல்லையென்றால் அன்றே ஓடுங்கள்.

அட்டை வந்தது. தேர்தலன்று காலை ஏழு மணிக்கே அம்மா வரிசையில் நின்றார். வெளியே வந்ததும் மை பூசிய விரலைக் காற்றில் ஆற்றிக்கொண்டே, "கட்சிக்குப் புள்ளடி போட்டேன், பிள்ளை. இலக்கத்தில்தான் தடுமாறிவிட்டேன்" என்றார். வாக்குச்சீட்டில் கட்சிக்கு நேரே இடும் பெருக்கல் குறிதான் புள்ளடி; விருப்பமான வேட்பாளர்களின் இலக்கங்களிலும் அதை இடலாம்.

அவருடைய முதல் வாக்கு 1977இல். அப்போது ஊர்காவற்றுறைத் தொகுதிக்கென்று ஓர் உறுப்பினர் இருந்தார். தமிழர் விடுதலைக் கூட்டணியின் கா. பொ. இரத்தினம் வென்றார். 1989 முதல் விகிதாசார முறை. தீவுகளின் வாக்கு யாழ்ப்பாண மாவட்டக் கணக்கில் கரைந்துவிடுகிறது. 1994 மட்டும் வேறு. போரால் குடாநாட்டில் பெரும்பாலோர் வாக்களிக்க முடியாதபோது, பெரும்பாலும் தீவுப்பகுதியில் கிடைத்த வாக்குகளோடு 10,744 வாக்குகளில் ஈ.பி.டி.பி. (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) மாவட்டத்தின் பத்தில் ஒன்பது இடங்களைப் பிடித்தது. எங்கள் வாக்குக்கு அப்படியொரு கனம் இனி வரவே கூடாது.

மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. பெட்டிகள் கடல் தாண்டி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குப் போகவேண்டும். அம்மா வானொலியை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தார். ஊர்காவற்றுறை முடிவு வாசித்ததும் எழுந்து பாயை விரித்தார்.

விடிந்தபின் மாவட்ட முடிவைச் சொன்னேன்: தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்குகள், ஆறில் மூன்று இடங்கள். தெற்கைத் தளமாகக் கொண்ட கட்சியொன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் வந்தது அதுவே முதல்முறை.

அம்மா கேட்டார்: "இனி எங்கள் படகுக்கு யாரிடம் போய்க் கேட்பது?"