14 மாதம் தங்கிய பாலுண்ணி

இரண்டு ஆவணிகளுக்கு முன், வட்டக்கச்சியில் சோளகக் காற்று முற்றத்துப் புழுதியையெல்லாம் வீட்டுக்குள் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த நாள்களில், மகளைக் கிணற்றடியில் குளிப்பாட்டும்போதுதான் அவளுடைய கமக்கட்டின் கீழே மூன்று சிறு பருக்களைக் கண்டேன். அவளுக்கு அப்போது 6 வயது. பருக்கள் தோலின் நிறத்திலேயே முத்துப்போல மினுங்கின. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊசிமுனையால் அழுத்தியதுபோல ஒரு குழி இருந்தது. மிகப் பெரியதுகூட மிளகளவுதான். வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் பூசிவிட்டேன்.

சில வாரங்களில் மாமி அதைப் பார்த்துவிட்டு, "இது பாலுண்ணி பிள்ளை, நசுக்கிப்போட்டுச் சுண்ணாம்பு வைச்சால் விழுந்திடும்" என்று வெற்றிலைத் தட்டத்தை எடுத்துவந்தார். நசுக்கியபோது தயிர்க்கட்டி போன்ற வெள்ளைப் பொருள் வெளியே வந்தது. நோயைப் பரப்பும் வைரசு செறிந்திருப்பதே அந்த வெள்ளைப் பொருளில்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. சுண்ணாம்பு தோலை வேகவைத்தது. நான்காம் நாள் அந்த இடம் சிவந்து, கொதித்து, சீழ் கட்டி, பிள்ளைக்குக் காய்ச்சலும் வந்துவிட்டது. அது ஆறுவதற்குள், அவள் சொறிந்த கோட்டின் வழியே வரிசையாகப் புதியவை முளைத்து, மூன்று இருந்த இடத்தில் இருபதுக்கு மேலாயின.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துச் சீழை ஆற்றிய பிறகே தோல் கிளினிக்குக்குப் போனோம். வைத்தியர் பூதக்கண்ணாடியால் பார்த்த கணத்திலேயே மொலஸ்கம் கொன்டேஜியோசம், அதாவது மாமி சொன்ன பாலுண்ணிதான் என்றார். பெரியம்மைக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த வைரசு என்று கேட்டதும் எனக்குக் கை கால் உதறியது. ஆனால் இது மேல்தோலோடு நின்றுவிடும், இரத்தத்தில் கலக்காது, மாறியபின் உடலுக்குள் ஒளிந்திருக்கவும் செய்யாது என்று அவர் விளக்கினார். பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் தானாக மறையும், சிலருக்கு அதற்கும் மேலாகும். சுரண்டி எடுக்கலாம், திரவ நைதரசனால் உறையவைக்கலாம். சின்னப் பிள்ளைக்கு அந்த நோவும் தழும்பும் வேண்டாம், பொறுத்திருங்கள் என்றார். ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் செலவழித்துப் போய்ப் "பொறுத்திருங்கள்" என்ற சொல்லோடு திரும்பியது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

பொறுத்திருப்பது சும்மா இருப்பதல்ல என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. ஒரே துவாயால் மூன்று பிள்ளைகளையும் துவட்டுவது எங்கள் வழக்கம். அன்றிலிருந்து ஆளுக்கொரு நிறத்தில் துவாய் வாங்கி, வெயிலில் தனித்தனிக் கொடியில் போட்டேன். ஒரே வாளியில் சேர்ந்து குளிப்பதை நிறுத்தினோம். நகத்தை ஒட்ட வெட்டினேன். தோல் வறண்டு, பருக்களைச் சுற்றிக் கரப்பான் நோய்போல அரித்ததால், குளித்த ஈரத்தோடு களிம்பு பூசினேன். அப்படியிருந்தும் இளைய மகனுக்கு ஆறாவது வாரத்தில் வந்துவிட்டது: தொற்றியபின் வெளியே தெரிய 2 முதல் 7 வாரம்வரை செல்லும் என்பதால், துவாய் பிரிக்கும் முன்பே அவனுக்குத் தொற்றியிருக்கக்கூடும்.

பாடசாலையில் ஒருமுறை மகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூடியிருந்தால் போதும், வகுப்பை நிறுத்தத் தேவையில்லை என்று வைத்தியர் எழுதித் தந்த துண்டு அந்தச் சிக்கலைத் தீர்த்தது. சட்டைக்கு வெளியே தெரிந்த இரண்டுக்கு மட்டும் பிளாஸ்டர் ஒட்டினேன்.

உண்மையில் பயந்தது ஏழாவது மாதத்தில். மேல் இமை விளிம்பில், இமைமயிருக்குள் ஒன்று முளைத்து, அந்தக் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டேயிருந்தது. எத்தனை துளிமருந்து விட்டும் மாறவில்லை. அந்த ஒன்றைக் கண் வைத்தியர் எடுத்துவிட்ட பிறகே கண் தெளிந்தது. இமையில் வந்தால் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது.

பன்னிரண்டாம் மாதம் பருக்கள் பல ஒரேயடியாகச் சிவந்து வீங்கின. பழைய சீழ் திரும்பிவிட்டது என்று ஓடினேன். வைத்தியர் சிரித்துக்கொண்டு, "உடம்பு இப்பதான் கிருமியை அடையாளம் கண்டிருக்கு, இது போகப்போற அறிகுறி" என்றார். யோசித்துப் பார்த்தால் வேறுபாடு கண்முன்னே இருந்தது: அன்று சுண்ணாம்பு வைத்த இடம் மட்டும் கொதித்தது, நோவு நாளுக்கு நாள் கூடியது, சிவப்பு சுற்றிலும் பரவியது, காய்ச்சல் அடித்தது, இன்றோ பல பருக்கள் சேர்ந்து சிவந்திருக்க, பிள்ளை வாய்க்கால் கரையில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். அடுத்த இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகச் சுருங்கி உதிர்ந்தன.

சுண்ணாம்பு வைத்த இடத்தில் மட்டும் வெள்ளைத் தழும்பு நிற்கிறது. மகனுக்கு இன்னும் நான்கு இருக்கின்றன. நேற்று அதில் ஒன்று சிவந்திருந்தது. மாமிதான் முதலில் கண்டு, தொடாமல் என்னைக் கூப்பிட்டார்.