மூன்று தொட்டி மிளகாய்

பிப்ரவரி 4, 2024

இன்று மிக உறைப்பான மூன்று வகை மிளகாய்க்கு விதை போட்டேன். பூத் ஜோலோகியா எட்டு, மொருகா ஸ்கார்ப்பியன் ஆறு, கரோலினா ரீப்பர் ஆறு. பார்வைக்குச் சாதாரண மிளகாய் விதைதான். பெயர்ச்சீட்டு குத்தாவிட்டால் எது எதுவென்று தெரியாது. மூன்றும் 'காப்சிகம் சைனென்சே' இனத்தைச் சேர்ந்தவை. ஜோலோகியாவில் மட்டும் வேறோர் இனத்தின் கலப்பும் உண்டு. பெயரில் சீனா இருந்தாலும் இந்த இனத்தின் பூர்விகம் அமெரிக்கக் கண்டம். 1776இல் பெயர் வைத்த தாவரவியலாளர் ஜாக்வின், சீனத்துச் செடி என்று நினைத்துவிட்டார். அந்தப் பிழையை இன்றுவரை யாரும் திருத்தவில்லை.

பிப்ரவரி 26

முதல் முளை. 22 நாள் ஆகியிருக்கிறது. மண்ணில் கதகதப்பு குறைந்தால் இந்த வகைகள் எழுந்திருக்காது.

மார்ச் 9

நாற்றழுகல். ரீப்பர் நாற்றில் நான்கு போய்விட்டன. மாலையில் நின்றது காலையில் அடித்தண்டு நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கிறது. மேல்மண் காயும் முன்பே தண்ணீர் விட்டதுதான் காரணம்.

ஜூன் 2

வெயில் தாங்காமல் பூக்கள் உதிர்கின்றன. நின்றவற்றில் சிலவற்றுக்கு மல் துணியில் பை கட்டினேன். மூன்று வகையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மகரந்தம் கலந்தால் அடுத்த தலைமுறை எதுவாகவும் இருக்கலாம். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்ட வேண்டும்.

எதை வளர்க்கிறேன் என்று சொன்னாலும் எல்லோரும் உறைப்பு எவ்வளவு என்ற எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். உறைப்பை அளப்பது ஸ்கோவில் அலகு. ஜோலோகியா 2007இல் பத்து லட்சம் ஸ்கோவில் அலகைத் தாண்டி, உலகின் மிக உறைப்பான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது. 2013இல் ரீப்பர். 2023இல் பெப்பர் எக்ஸ், 26,93,000. இவை சோதித்த பழங்களின் சராசரி. ஒரே செடியில் இரண்டு பழம் ஒரே உறைப்பாக இருப்பதில்லை. 1912இல் ஸ்கோவில் இந்த அளவைத் தொடங்கியபோது, மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போய், நாக்குக்கு உறைப்பு தெரியாமல் போகும் இடத்தைக் குறித்தார். இப்போது கருவி அளக்கிறது. மணத்துக்கு இப்படி ஓர் அளவு இல்லாததால் அதை யாரும் கேட்பதே இல்லை என்பது என் வருத்தம்.

ஆகஸ்ட் 11

முதல் ரீப்பர் பழுத்தது. கையுறை போட்டுக்கொண்டு நீளவாக்கில் கீறினேன். தோல் முழுக்கக் கொப்புளம். அடியில் தேள் கொடுக்குப் போல ஒரு வால். உள்ளே, விதைகள் ஒட்டியிருக்கும் வெளிர் சதையில் மட்டுமல்ல, பழச்சுவரின் உட்புறத்திலும் எண்ணெய் பூசியதுபோல் மினுமினுப்பு. உறைப்பு விதையில் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அது ஊறுவது அந்த வெளிர் சதையில். விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் காரம் ஏறுகிறது. இந்த வகைகளில் சுரப்பு சுவர் வரை பரவியிருக்கிறது. விதையை நீக்கினால் போதும் என்ற யோசனை இங்கே செல்லாது.

வெட்டியதும் எழுந்த மணம் பழக்கூடையைத் திறந்ததுபோல் இருந்தது. இந்தப் பழத்தை முழுதாக விழுங்கிக் காட்டும் பந்தயங்களை நினைத்தால் கோபம் வருகிறது. ரீப்பர் தின்ற ஒருவருக்கு மூளை இரத்தநாளங்கள் சுருங்கித் தாங்க முடியாத தலைவலி வந்ததை மருத்துவர்கள் 2018இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12

ஜோலோகியாவில் நகக்கண் அளவு துண்டு. முதலில் இனிப்பு, பிறகு பூமணம். ஒன்றுமில்லை என்று நினைத்தபோது தொண்டையில் பிடித்து, நாக்கின் விளிம்புக்கு வந்து, அங்கேயே கால்மணி நேரம் நின்றது. உண்மையில் எதுவும் வேகவில்லை. சூட்டை உணரும் நரம்பு வாயிலை, மிளகாயின் உறைப்புப் பொருளான காப்சைசின் திறந்துவிடுகிறது. அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. காப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. பால்தான் தணித்தது.

ஆகஸ்ட் 19

சிவப்பு நூல் கட்டிய மூன்று ஜோலோகியாவில் ஒன்றைப் பறவை கொத்தியிருக்கிறது. பறவைகளுக்கு அந்த நரம்பு வாயில் காப்சைசினுக்குத் திறப்பதில்லை. பாதிப் பழம் காலி. விதை நான்கு தொட்டி விளிம்பில் கிடந்தது. பொறுக்கிக் காய வைத்தேன். மற்ற இரண்டுக்கும் மறுபடி துணிப்பை கட்டியாயிற்று.